இணையக் கடை: பணம் யார் கையில்?

வீட்டிலிருந்தபடியே பலகாரம், ஊறுகாய், உடை, அணிகலன் என்று இணையத்தில் விற்கத் தொடங்குவோர் முதலில் கேட்பது, எந்தத் தளத்தில் கட்டணம் குறைவு என்பதைத்தான். அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வாடிக்கையாளர் செலுத்தும் பணம் யாரிடம், எத்தனை நாள் இருக்கும்?

சிங்கப்பூரில் பலருக்கும் பழக்கமான கியூ10 தளத்தில் 2024ஆம் ஆண்டு நடந்தது இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. பொருளை அனுப்பிவிட்ட விற்பனையாளர்கள் பலருக்குப் பணம் வந்து சேரவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் தளத்தின் கட்டணச் சேவையை நிறுத்திவைக்கும்படி சிங்கப்பூர் நாணய ஆணையம் உத்தரவிட்டது. நவம்பரில் நிறுவனத்தைக் கலைக்க உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. பெரிய தளம் என்பதே பாதுகாப்பு ஆகிவிடாது.

பொதுவாக இரண்டு வழிகள் உள்ளன. ஷாப்பி, லசாடா போன்றவை இணையச் சந்தைகள். கூட்டம் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. புதியவருக்கு அது பெரிய உதவி. ஆனால் ஒவ்வொரு விற்பனையிலும் தளம் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். வாங்கியவரும் கடையின் வாடிக்கையாளராக இல்லாமல் தளத்தின் வாடிக்கையாளராகவே இருப்பார்.

மற்றொன்று சொந்தக் கடை. ஷாப்பிஃபை மாதக் கட்டணத்துக்குக் கிடைக்கிறது. வேர்ட்பிரஸ் தளத்தில் இயங்கும் வூகாமர்ஸ் மென்பொருள் இலவசம். ஆனால் இணைய முகவரிக்கும் தளத்தை வைத்திருக்கும் இடத்துக்கும் பணம் கட்ட வேண்டும், பராமரிப்பும் தம் பொறுப்பு. வாடிக்கையாளரின் முகவரி, தொலைபேசி எண்ணைத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி காப்பதும் கடைக்காரரின் கடமை.

ஒரு சிறு கணக்கு இதைத் தெளிவாக்கும். சந்தைத் தளம் 100 வெள்ளிக்கு 10 வெள்ளி பிடிப்பதாகவும், சொந்தக் கடைக்கு மாதம் 45 வெள்ளியும், அட்டைக் கட்டணச் சேவைக்கு 100 வெள்ளிக்கு 4 வெள்ளியும் ஆவதாகவும் வைத்துக்கொள்வோம். மாத விற்பனை 300 வெள்ளி என்றால் சந்தையில் 30 வெள்ளி, சொந்தக் கடையில் 57 வெள்ளி செலவு. விற்பனை 2,000 வெள்ளியானால் சந்தையில் 200, சொந்தக் கடையில் 125. இந்தக் கணக்கில் 750 வெள்ளியில் இரண்டும் சமம். விளம்பரச் செலவு இதில் சேரவில்லை. சொந்தக் கடைக்கு ஆள் வரவழைக்க அது தேவைப்படும்.

ஆகவே, தொடக்கத்தில் சந்தைத் தளத்தில் விற்றுப் பார்ப்பது நல்லது. நிலையான வாடிக்கையாளர்கள் சேர்ந்தபின் சொந்தக் கடையைத் திறக்கலாம். எந்தத் தளமானாலும் மூன்றைக் கடைப்பிடிப்பது அவசியம். விற்ற பணத்தைத் தளத்தின் கணக்கில் தேங்கவிடாமல் உடனுக்குடன் வங்கிக்கு மாற்ற வேண்டும். பொருள்களின் படங்கள், விலை, விற்பனைக் கணக்கு ஆகியவற்றின் நகல் தம்மிடமே இருக்க வேண்டும். பணம் வருவது வழக்கத்தைவிடத் தாமதமானால், அடுத்த சரக்கை அனுப்புமுன் காரணத்தைக் கேட்டறிய வேண்டும்.

சிறு வணிகருக்கு ஒரு மாத வருமானம் முடங்கினால் அடுத்த மாதம் மாவும் எண்ணெயும் வாங்கக் கையில் முதல் இருக்காது. தளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதையே முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.