சீர்வரிசைப் பாத்திரமா, பிள்ளை?

கணவனும் மனைவியும் பிரிகிறார்கள். அண்டா யாருக்கு, குத்துவிளக்கு யாருக்கு, கட்டில் யாருக்கு, பீரோ யாருக்கு என்று பட்டியல் போடுகிறார்கள். வக்கீல்கள் படித்துப் பார்த்துத் தலையசைக்கிறார்கள். எல்லாம் பங்கிட்டு முடிந்த பிறகு, மூலையில் விரல் சப்பி நிற்கும் ஐந்து வயதுக் குழந்தையின் மீது பார்வை விழுகிறது. இதை நிறுக்கத் தராசு இல்லை. அளக்கப் படியும் இல்லை!

பாத்திரத்தை யார் வீட்டில் வைத்தாலும் அது அழாது, பிள்ளை அழும். பாத்திரம் இருவரையும் தேடாது, பிள்ளை தேடும். இந்த எளிய உண்மையைச் சட்டம் கற்றுக்கொள்ள எத்தனை காலம் பிடித்தது, தோழர்களே!

1890இல் வெள்ளையர் ஆட்சி இயற்றிய காப்பாளர் சட்டம், குழந்தையின் நலத்தைப் பார் என்று நீதிபதிக்குச் சொன்னது. 1956இல் வந்த இந்து இளவர் காப்பாளர் சட்டம், குழந்தையின் நலமே தலையாயது என்று ஒரு பிரிவில் கூறிவிட்டு, இன்னொரு பிரிவில், தந்தையே இயற்கைக் காப்பாளர், அவருக்குப் பிறகே தாய் என்று எழுதிற்று. சுமந்து பெற்றவள் இரண்டாமிடம்! 5 வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்கலாம் என்பது அவளுக்குக் காட்டிய சலுகை! 1973இல், சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து சென்ற மேல்முறையீட்டில், பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொம்மையும் அல்ல என்று உச்சநீதிமன்றம் உரைத்தது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில், 1999இல்தான், 'தந்தைக்குப் பிறகு' என்றால் தந்தை செத்த பிறகு என்று பொருளல்ல, அவர் பொறுப்பில் இல்லாதபோதும் தாயே காப்பாளர் என்ற விளக்கம் கிடைத்தது.

சட்டம் இவ்வளவு தூரம் நடந்து வந்தது. வந்த இடத்தில் நின்றுவிட்டதே என்பதுதான் நமது வருத்தம்.

பிள்ளை தாயிடம் இருக்கட்டும், தந்தை வந்து பார்க்கட்டும் என்கிறது தீர்ப்பு. அல்லது தந்தையிடம் இருக்கட்டும், தாய் வந்து பார்க்கட்டும் என்கிறது. சரி. ஆனால் பார்க்க வருபவர் குடித்துவிட்டு அடித்தவர் என்றால்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டே ஓடுவார் என்ற அச்சம் இருந்தால்? ஆண்டுக்கணக்கில் பாராத முகம் என்பதால் குழந்தையே மிரண்டால்? அப்போது நீதிமன்றம், மூன்றாமவர் ஒருவர் உடனிருக்கச் சந்திப்பு நடக்கட்டும் என்கிறது. இதுவே மேற்பார்வைச் சந்திப்பு.

யார் அந்த மூன்றாமவர்? நமது கேள்வி அதுதான்.

ஆலையில் கொதிகலனைக் கவனிப்பவரிடம் சான்றிதழ் கேட்கிறார்கள். பேருந்து ஓட்டுபவரிடம் உரிமம் கேட்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும்; கொதிகலன் வெடித்தால் உயிர் போகும். குழந்தையின் உள்ளம் வெடித்தால் ஓசை கேட்காது, அவ்வளவுதான் வேறுபாடு! அதைக் கவனிக்க மட்டும், நாற்காலி போட்டு உட்கார யாராவது ஒருவர் போதுமா?

தந்தையைக் கண்டதும் குழந்தை கதவை நோக்கி ஓடுகிறது. தாய் சொல்லிக் கொடுத்த பாடமா? பட்ட அடியின் நினைவா? பழகாதவர் ஒரு நொடியில் தீர்ப்புச் சொல்லிவிடுவார். பயின்றவர் தீர்ப்புச் சொல்லமாட்டார். கண்டதை எழுதுவார், கேட்டதை எழுதுவார். 'குழந்தை அழுதது, கதவருகே ஓடியது' என்று குறிப்பாரே தவிர, 'தகப்பன் கெட்டவன்' என்றோ, 'தாய் தூண்டிவிட்டாள்' என்றோ குறிக்கமாட்டார். குழந்தையின் காதில் இரகசியம் பேச விடமாட்டார். "உன் அம்மா இப்போது யாரோடு பேசுகிறாள்?" என்று பிள்ளையை ஒற்றனாக்கினால் தடுப்பார். மீறினால் சந்திப்பையே நிறுத்துவார். இந்தத் திறம் தாய்ப்பாலோடு வருவதல்ல, கற்று வருவது!

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலச் சட்டம் இதற்கு வழி வகுத்திருக்கிறது. ஊதியம் பெற்று இப்பணி செய்பவர் 24 மணி நேரப் பயிற்சி பெறவேண்டும். குழந்தையின் வளர்ச்சித் தேவைகள், குடும்ப வன்முறை, போதைப் பழக்கம், குழந்தைக்கு இழைக்கப்படும் கொடுமையை உரியவரிடம் அறிவிக்கும் கடமை, பதிவேடு எழுதும் முறை, இரகசியம் காத்தல், ஒருபக்கம் சாயாமை என்று பாடங்களை வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் அங்கே ஊதியம் பெறும் மேற்பார்வையாளருக்குப் பணம் வேண்டும். அந்தப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். கட்டணச் சீட்டை அங்கேயே விட்டுவிடுவோம்! கூலி வாங்கும் கை, பெற்ற பிள்ளையைப் பார்க்கவும் கூலி கொடுக்க வேண்டுமா?

இங்கே 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டம் இருக்கிறது. ஆலோசகர்களை அமர்த்தலாம், சமூகநல அமைப்புகளைத் துணைக்கு அழைக்கலாம், மருத்துவ வல்லுநரின் உதவியைப் பெறலாம் என்று அது கூறுகிறது. நல்ல சட்டம். ஆனால் சந்திப்பை மேற்பார்வை செய்பவர் எத்தனை மணி நேரம், எதைப் பயிலவேண்டும் என்று அதிலே ஒரு வரி இல்லை. 2015இல் சட்ட ஆணையம் தனது 257ஆவது அறிக்கையில் காப்புரிமைச் சட்டங்களைத் திருத்தச் சொன்னது. அறிக்கை வந்தால் போதுமா? அலமாரிக்கும் அறிவு வளர்ந்துவிடும் என்றா நினைப்பு?

நாம் கேட்பது வானத்து நிலவு அல்ல. மேற்பார்வையாளருக்குக் கட்டாயப் பயிற்சி, சான்றிதழ். கட்டணமில்லாத சந்திப்பு மையம். பெற்றோர் இருவரும் முகத்தில் முகம் மோதாமல் வந்துபோகத் தனித்தனி வாயில். ஆலைச் சங்கு ஊதிய பிறகும், ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்திருக்கும் கதவு. ஒருநாள் கூலியை இழந்தால்தான் மகளைப் பார்க்கலாம் என்றால், அது உரிமை அல்ல, அபராதம்!

கடைசியாக ஒன்று, தோழர்களே. கசப்பாக இருந்தாலும் கேளுங்கள். மேடையில் பெண்ணுரிமை பேசிவிட்டு வீட்டில் கைநீட்டுகிறவர், நம் வரிசையில் இல்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியுமா? அப்படிப்பட்டவருக்கு, எதிரே அமர்ந்திருக்கும் மேற்பார்வையாளர் பகைவராகத் தெரியலாம். பகைவர் அல்ல அவர். தகப்பன் என்ற பெயரை மீண்டும் சம்பாதிக்க, உங்களுக்குக் கிடைத்த சாட்சி!

முதலாளியிடம் நியாயம் கேட்கத் தெரிந்த நமக்கு, மூலையில் நிற்கும் குழந்தைக்கு நியாயம் வழங்கத் தெரியவேண்டாமா? அதற்குச் சங்கம் இல்லை, கொடி இல்லை, கோஷம் போட வாயும் இல்லை. அதன் சார்பில் நாம்தான் கேட்கவேண்டும். கேட்போம்!