பழைய முறையில் ஒரு நிச்சயதார்த்தப் படம்

மணம் பேசி முடித்த இருவர் பழங்காலத்தார் போல உடுத்து நிழற்படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் இந்நாளில் நம்மிடையே பரவி வருகின்றது. என் தமக்கையாரின் நிச்சயதார்த்தத்திற்கும் அத்தகைய படமொன்று வேண்டுமென முடிவாயிற்று. எங்கள் கூடத்தில் தொங்கும் கொள்ளுப்பாட்டனார், கொள்ளுப்பாட்டியார் படமே மாதிரி. முதலில் யானே தமக்கையாரையும் அத்தான் ஆகவிருப்பவரையும் நிறுத்திக் கைப்பேசியால் எடுத்து, பழுப்பு நிறம் ஏற்றிக் காட்டினேன். அப்பாட்டியாரின் மகளாகிய எங்கள் பாட்டி பார்த்துவிட்டு, “எங்கம்மா படம் இப்படியா இருக்கு? இது காப்பி கொட்டின படம்” என்றார்கள். அச்சொல் தைத்தமையால், பழைய படங்களுக்கு அத்தோற்றம் எவ்வாறு வந்ததென ஆராயப் புகுந்தேன்.

பழமை பழுப்பில் இல்லை. 1850-க்குப் பின் வழங்கிய முட்டை வெண்கருத் தாள்களிற் பதித்த படங்கள் நாட்பட மங்கி மஞ்சளித்தன. பின்னர், படம் நெடுநாள் நிற்கும்பொருட்டு, அதிலுள்ள வெள்ளியைக் கந்தகத்தோடு சேர்த்து வேண்டுமென்றே பழுப்பேற்றியதும் உண்டு. அவ்வளவே.

உண்மையான வேறுபாடு ஒளியை வாங்கும் முறையில் உள்ளது. 1851-இல் பிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரத்தகட்டு முறையில், கண்ணாடித் தகட்டின்மேற் பூசிய மருந்து நீலத்தையும் ஊதாவையுமே நன்குணரும், சிவப்பை உணராது. ஆகவே நீல வானம் வெளுத்தும், அரக்குச் சேலை கறுத்தும் விழும். 1873-இல் ஹெர்மன் வோகல் என்பார் சாயங்கள் சேர்த்துப் பச்சையையும் தகடு உணர வழிகண்டார். ஆயினும் சிவப்புணராத தகடுகளும் பிலிம்களும் பின்னும் பல்லாண்டு வழங்கின. எங்கள் கொள்ளுப்பாட்டியார் ஏனோ கரும்பட்டு உடுத்திருந்தார் என யாங்கள் இதுகாறும் எண்ணியிருந்தோம். பாட்டி பெட்டியைத் திறந்து காட்டிய அச்சேலையோ நல்ல குங்குமச் சிவப்பு!

இந்நாளைய கருவிகொண்டு இதனைப் பெறுதல் அரிதன்று. வண்ணப்படமாக எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்குங்கால், ஈரத்தகட்டுக் காலத்தை விரும்புவோர் நீலப்பகுதியை மட்டும் கொள்க. அதற்குப் பிற்பட்ட தோற்றத்தை விரும்புவோர் நீலமும் பச்சையும் கொண்டு சிவப்பை விடுக. நம்மவர் முகம் இம்முறையிற் சற்றே கறுத்துத் தோன்றும். அதற்கஞ்சி முகத்தில் மாவை அப்பவேண்டா. ஒளியைக் கூட்டினாற் போதும்.

ஒளி ஒருபுறமிருந்து, மெல்லென வரவேண்டும். மேனாட்டுப் படப்பிடிப்பகங்கள் வடபுறத்தில் கண்ணாடிச் சாளரம் வைத்தது, நேர் வெயில் புகாமைக்காக. அவ்விதியை நம் ஊரில் கண்மூடிக் கொள்ளலாகாது. சென்னையில் ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்டு நடு வரை நண்பகற் கதிரவன் வடக்கே சாய்ந்து நிற்பான். அந்நாட்களில் சாளரத்தில் மெல்லிய வெள்ளை வேட்டியைக் கட்டுக. தை மாதத்தில் இத்தொல்லை இல்லை.

பழைய முகங்களில் நகை காணாமைக்கு ஒரு காரணம், தகட்டில் உருப்பதியப் பல நொடிகள் அசையாதிருக்க வேண்டியமை. தலை ஆடாவண்ணம் பின்னே இரும்புத் தாங்கியும் நிறுத்துவர். தாங்கி நமக்கு வேண்டா. ஐந்தாறு நொடி அசையாதிருந்தபின் எடுத்தால் அந்த அமைதி தானே வரும். என் தமக்கையார்க்கு மட்டும் நான்காம் நொடியிற் சிரிப்பு வந்துவிடுகின்றது.

பொருள்களில் ஒரே காலத்தைக் கடைப்பிடித்தல் நன்று. கிராமபோன், அரிக்கன் விளக்கு, தட்டச்சுப்பொறி, 1950-களின் பிற்பகுதியில் வந்த அம்பாசடர் கார் ஆகியவற்றை ஒரே படத்தில் குவிப்பது பழம்பொருட் கடையின் விளம்பரமாகுமேயன்றி வேறாகாது. தூண் எழுதிய திரை, ஒரு நாற்காலி, ஒரு சிறு மேசை போதும்.

அந்த ஒரு நாற்காலியில் யார் அமர்வது என்பதில்தான் வழக்கு மூண்டது. மாதிரிப் படத்தில் பாட்டனார் அமர்ந்திருக்கிறார். பாட்டியார் பக்கத்தில் நிற்கிறார். “நான் நிற்கமாட்டேன்” என்றார் தமக்கையார். பழமை கெடுமே என யான் வாதிட்டேன். அப்பொழுதுதான் பாட்டி, தம் பெற்றோர் மணநாளன்றே முதன்முதல் ஒருவரையொருவர் பார்த்தனர் என்றும், அப்படம் மணமாகி ஓராண்டு கழித்து எடுத்தது என்றும் சொன்னார்கள். ஆகவே எங்கள் குடும்பத்தில் நிச்சயதார்த்தப் படத்துக்குப் பழைய மாதிரி என்பதே இல்லை! என் வாதம் விழுந்தது. அண்டை வீட்டிலிருந்து ஒத்த நாற்காலி இன்னொன்று கேட்டிருக்கிறோம். சிவப்புச் சேலை மடிப்புகளில் இற்றுப்போயிருத்தலின் உடுத்த இயலாது. அதனை இருவர்க்கும் இடையேயுள்ள மேசையின்மேல் விரிக்கப் பாட்டி இசைந்திருக்கிறார்கள்.