வலி காலில், வழக்கு இடுப்பில்

எங்கே வலிக்கிறது என்று கேட்டால் முழங்கால் வலிக்காரர் முழங்காலைத் தொட்டுக் காட்டுவார். பல்வலிக்காரர் கன்னத்தில் கை வைப்பார். சயாட்டிகாக்காரர் மட்டும் உள்ளங்கையைப் புட்டத்தில் வைத்து, பின்தொடை வழியாகக் கெண்டைக்கால் வரைக்கும் ஒரே கோடாக இழுத்துக்கொண்டு போவார். "இங்கேருந்து கிளம்பி இங்க வரைக்கும் சுரீர்னு இழுக்குது சார்" என்பார். சிலருக்குக் கரன்ட் அடித்த மாதிரி, சிலருக்கு எரிச்சல், சிலருக்குப் பாதமே மதமதவென்று மரத்துக் கிடக்கும். இருமினால், தும்மினால், கழிப்பறையில் முக்கினால் உயிர் போகும். இத்தனைக்கும் இடுப்பில் பெரிதாக வலியே இருக்காது. அதனால் வீட்டில் எல்லோரும் காலுக்குத் தைலம் தேய்ப்பார்கள். பாவம், கால் எந்தத் தப்பும் செய்யவில்லை.

உடம்பிலேயே பருமனான நரம்பு சயாட்டிக் நரம்பு. முதுகுத்தண்டின் அடிப்பகுதியிலிருந்து இரண்டு பக்கமும் ஐந்தைந்து வேர்கள் கிளம்பி, புட்டத்துக்குள் விரல் பருமனுக்கு ஒன்றுசேர்ந்து, பின்தொடை வழியாக இறங்கி, முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே இரண்டாகப் பிரிந்து பாதம் வரை போகிறது. தகராறு பெரும்பாலும் வேரில்தான். முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்கின் வெளிச்சுவர் கிழிய, தேய்ந்த டயரின் ஓட்டை வழியே டியூப் பிதுங்குவதைப்போல உள்ளே இருக்கும் கூழ் வெளியே வந்து நரம்பு வேரில் படுகிறது. நம்மூரில் ஜவ்வு விலகிவிட்டது என்று சொல்வது இதைத்தான். அந்தக் கூழ் நரம்பை அழுத்துவது மட்டுமல்ல, அதில் உள்ள ரசாயனங்கள் நரம்பைப் புண்ணாக்கி வீங்கவும் வைக்கின்றன. சின்னப் பிதுக்கத்துக்குப் பெரிய வலியும், பெரிய பிதுக்கத்துக்குச் சின்ன வலியும் வருவதற்கு ஒரு காரணம் இது.

பெரும்பாலும் பழுதாவது கடைசி இரண்டு டிஸ்க்குகள். ஐந்தாவது இடுப்பு நரம்பு மாட்டினால் வலி காலின் வெளிப்பக்கமாக இறங்கிப் பாதத்தின் மேல்புறம், கட்டைவிரல் வரை போகும். குதிகாலை மட்டும் ஊன்றி நடக்க முடியாது. அதற்குக் கீழே உள்ள நரம்பு மாட்டினால் வலி பின்பக்கமாகவே போய்ச் சுண்டுவிரலில் முடியும். அந்தக் காலில் நுனிவிரலில் எக்கி நிற்பது சிரமம். நல்ல டாக்டர் ஸ்கேனுக்கு எழுதுவதற்கு முன்னால் உங்களை நடக்கவிட்டும் எக்கவிட்டும் பார்ப்பது அதற்காகத்தான். மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்கால் மடங்காமல் காலைத் தூக்கிப் பார்க்கும் சோதனை இருக்கிறதே, அதை 1880-லேயே எழுதிவைத்தவர்களில் ஒருவர் லாஸா லாஸரேவிச். செர்பியாக்காரர். டாக்டராக இருந்துகொண்டே சிறுகதை எழுதியவர். அந்த நாட்டில் இன்றைக்கும் அவரைக் கதைகளுக்காகத்தான் கொண்டாடுகிறார்கள்.

நோய் பழசு. இது நரம்பு சம்பந்தப்பட்ட வலி என்று 1764-ல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து டாக்டர் டொமெனிக்கோ கொட்டுன்யோ தனிப் புத்தகமே போட்டார். ஆனால் நரம்பை அழுத்துவது கிழிந்த டிஸ்க் என்று மருத்துவ உலகம் ஒப்புக்கொள்ள இன்னும் 170 வருஷம் பிடித்தது. 1934-ல் பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு அறுவை மருத்துவர்கள் அதை நிறுவினார்கள். அதற்குப் பிறகு உலகமே கத்தியைத் தூக்கிக்கொண்டு டிஸ்க்கின் பின்னால் ஓடியது. அந்த ஓட்டம் கொஞ்சம் அடங்கிய பிறகுதான் முக்கியமான ஒன்று தெரியவந்தது: பிதுங்கி வந்த கூழை உடம்பே தின்று கரைத்துவிடுகிறது. வெளியே துண்டாக வந்து விழுந்ததை வேண்டாத பொருள் என்று கண்டுபிடித்து வெள்ளணுக்கள் அரித்தெடுக்கின்றன. ஸ்கேனில் பயங்கரமாகத் தெரியும் பெரிய பிதுக்கங்கள்தான் பல சமயம் சீக்கிரம் சுருங்குகின்றன.

ஆக, சயாட்டிகாவுக்கு முதல் வைத்தியர் காலம்தான். பெரும்பாலானவர்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் வலி நன்றாகத் தணிந்துவிடுகிறது. அந்த வாரங்களை எப்படிக் கடத்துவது என்பதுதான் கேள்வி. நம்மைச் சுற்றி விற்கப்படும் பாதி வைத்தியங்கள் இந்தக் காலக்கணக்கை வைத்துத்தான் பேர் வாங்குகின்றன. எட்டாவது வாரத்தில் யாரிடம் போனீர்களோ அவர் கைராசிக்காரர்.

"அசையாமப் படு" என்பது முதலில் கிடைக்கும் அறிவுரை. நெதர்லாந்தில் சயாட்டிகா வந்த 183 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை இரண்டு வாரம் படுக்கையில் போட்டார்கள். மறு பாதியை முடிந்த வேலையைச் செய்துகொண்டிருக்கச் சொன்னார்கள். முடிவு 1999-ல் வெளியானது. பன்னிரண்டு வாரத்தில் இரண்டு பக்கமும் 87 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. படுத்தவர்களுக்கு ஒரு லாபமும் இல்லை. வலி உச்சத்தில் இருக்கும் ஓரிரு நாள் படுப்பதில் தப்பில்லை. அதற்குமேல் படுத்தால் தசை தளரும், மனசும் தளரும். கட்டாந்தரையில் பாய் போட்டுப் படு என்பது அடுத்த அறிவுரை. நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 313 பேரை வைத்து ஸ்பெயினில் நடந்த ஆய்வில் கெட்டி மெத்தையைவிட நடுத்தரக் கெட்டியான மெத்தைதான் ஜெயித்தது. தரையிலிருந்து எழுந்திருக்கும்போது படும் பாட்டை நினைத்தால் அந்த ஆய்வு இல்லாமலே விஷயம் புரியும். ஒருக்களித்துப் படுத்து இரண்டு முழங்காலுக்கும் நடுவே ஒரு தலையணை. மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு அடியில் ஒன்று. எழும்போது பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி எழ வேண்டும். வலப்பக்கம் திரும்பி எழச் சொல்லும் நம் வீட்டுப் பெரியவர்கள் இதைத் தெரிந்து சொன்னார்களோ என்னவோ, முதுகுக்கு நல்லதைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

படுப்பதைவிட உட்காருவதுதான் பெரிய வில்லன். முதுகு கூனி உட்கார்ந்திருக்கும்போது டிஸ்க் பின்பக்கமாகத் தள்ளப்படுகிறது. தையல்காரர், தறியில் இருப்பவர், லாரி ஓட்டுபவர், லேப்டாப் முன்னால் இருப்பவர் எல்லோரும் இதில் ஒரே சாதி. அரைமணிக்கு ஒருதரம் எழுந்து நாலு எட்டு நடந்தால் போதும், ஆச்சரியமான மாற்றம் தெரியும். வலி இருக்கும் வாரங்களில் சம்மணம் வேண்டாம், குனிந்து கோலம் வேண்டாம், பஸ்ஸில் கடைசி சீட் வேண்டவே வேண்டாம். டூவீலர் ஓட்டித்தான் ஆகவேண்டும் என்றால் ஸ்பீடு பிரேக்கரில் ஊர்ந்து போங்கள். இந்தியன் டாய்லெட் மட்டுமே உள்ள வீட்டில் பிளாஸ்டிக் கமோடு நாற்காலி ஒன்று வாங்கிப்போடுவது பல மாத்திரைகளைவிட நல்ல முதலீடு. மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்வதும் சிகிச்சையில் சேர்த்திதான். ஆண்கள் பின்பாக்கெட்டில் வைத்திருக்கும் தடிமனான பர்ஸையும் எடுத்துவிடுங்கள். பர்ஸ் மேலேயே உட்கார்ந்து நரம்பை நசுக்கிக்கொண்டவரைப் பற்றி 1978-லேயே அமெரிக்க மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள்.

கேஸ் சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு. இரும்பும் ஏறக்குறைய அதே எடை. தண்ணீர் கேன் 20 லிட்டர். அதைக் குனிந்து தூக்கி, திரும்பி, கவிழ்க்க வேண்டும். குனிவதும் திரும்புவதும் சேர்ந்தால் டிஸ்க்குக்கு அதைவிடக் கெடுதல் கிடையாது. வலி போய் ஆறு மாதம் ஆனாலும் கேன் போடும் தம்பியிடமே கவிழ்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். கௌரவக் குறைச்சல் இல்லை.

பயிற்சியைப் பற்றிப் பேசும்போது ராபின் மெக்கன்சியை விட்டுவிட முடியாது. நியூஸிலாந்தின் வெல்லிங்டனில் பிசியோதெரபிஸ்ட். 1956-ல் ஒரு நாள், வாரக்கணக்கில் குணமாகாத கால்வலியோடு வந்த நோயாளியை உள்ளே போய்க் குப்புறப் படுக்கச் சொல்லிவிட்டு வேறு வேலையில் இருந்துவிட்டார். முந்தைய நோயாளிக்காகக் கட்டிலின் ஒரு முனை உயர்த்தப்பட்டிருந்தது. சொன்னபடி அதன்மேலேயே மனிதர் படுத்துவிட்டார். முதுகு பின்பக்கமாக வளைந்து கிடக்கிறது. அந்தக் காலத்தில் முதுகுவலிக்காரரை அப்படி வளைப்பது பாவம். பதறிப்போய் உள்ளே வந்த மெக்கன்சியிடம், இத்தனை வாரத்தில் இவ்வளவு சுகமாக இருந்ததில்லை, காலில் வலியே இல்லை, இடுப்பு நடுவில் மட்டும் கொஞ்சம் இருக்கிறது என்றார் நோயாளி. உலகம் முழுக்க இன்று சொல்லித்தரப்படும் ஒரு முறை அந்தக் கட்டிலில் பிறந்தது.

அதிலிருந்து நோயாளி எடுத்துக்கொள்ள வேண்டிய அளவுகோல் ஒன்று உண்டு. எந்த அசைவால் வலி பாதத்தை விட்டு, கெண்டைக்காலை விட்டு மேலே ஏறி இடுப்புக்குள் சுருங்குகிறதோ, அது உங்களுக்கான அசைவு. இடுப்பில் வலி கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. எது வலியைக் கீழே கீழே தள்ளுகிறதோ அதை அன்றோடு நிறுத்துங்கள். பலருக்கு முதல் வகை அசைவு குப்புறப் படுப்பதும், முழங்கையை ஊன்றி நெஞ்சை உயர்த்துவதும். புஜங்காசனத்தின் முதல் படி என்று வைத்துக்கொள்ளலாம். பச்சிமோத்தாசனம், தோப்புக்கரணம், சூரிய நமஸ்காரத்தில் குனிவது ஆகியவை வலி இருக்கும் காலத்தில் ஆகாது. ஆனால் எழுபது வயதுக்காரருக்கு முதுகுத்தண்டின் வழி குறுகியதால் வரும் கால்வலி வேறு ரகம். நடந்தால் வலிக்கும், குனிந்தால் சுகமாக இருக்கும். அவரைப் பின்னால் வளைத்தால் வலி கூடும். யூடியூபைப் பார்த்து ஆசனம் செய்யாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். ஒருமுறையாவது பிசியோதெரபிஸ்ட் ஒருவர் உங்கள் காலைத் தொட்டுப் பார்க்கட்டும்.

எம்.ஆர்.ஐ. விஷயத்துக்கு வருவோம். ரிப்போர்ட்டில் 'டிஸ்க் பல்ஜ்', 'டீஜெனரேஷன்' என்று இரண்டு வார்த்தையைப் பார்த்ததும் பாதிப் பேருக்குத் தூக்கம் போகிறது. இடுப்பு வலியே இல்லாத மூவாயிரத்துச் சொச்சம் பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் வெளியான கணக்குப்படி, இருபது வயதிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருக்கிறது; எண்பதில் 84 சதவீதம். முடி நரைப்பதை யாரும் நோய் என்று சொல்வதில்லை. ஆபத்து அறிகுறி இருந்தாலோ, ஊசியோ ஆபரேஷனோ யோசிக்கும்போதோ ஸ்கேன் வேண்டும். முதல் வாரத்தில் எடுத்து வைத்தால் கவலைதான் மிச்சம்.

மாத்திரையில் நம்மூர் வழக்கம் ப்ரீகாபலின். நரம்பு வலி என்ற உடனே சீட்டில் ஏறிவிடுகிறது. சிட்னியில் 209 பேரிடம் மருந்தே இல்லாத வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து 2017-ல் முடிவு சொன்னார்கள்: சயாட்டிகாவுக்கு வெறும் மாத்திரையைவிட மேலான பலன் இல்லை, தலைசுற்றல் மட்டும் அதிகம். இங்கிலாந்தின் அரசு வழிகாட்டுதல் 2020 முதல் சயாட்டிகாவுக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்கிறது. ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் சட்டென்று நிறுத்தக் கூடாது, டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மற்ற வலி மாத்திரைகள் கொஞ்ச நாளைக்குக் கைகொடுக்கலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மருந்துக்கடையில் தானாக வாங்கிப் போடுவது வம்பு. முதுகுத்தண்டில் போடும் ஸ்டீராய்டு ஊசி சிலருக்குச் சில வாரச் சுகம் தருகிறது. தூங்கவே முடியாதவருக்கு அதுவும் பெரிய விஷயம்தான்.

நொச்சி இலை ஒத்தடமும் கல் உப்பு ஒத்தடமும் டிஸ்க்கை உள்ளே தள்ளாது. பிடித்துக்கொண்ட தசையைத் தளர்த்தும், ராத்திரி தூங்கவைக்கும். அந்த அளவில் நான் அவற்றின் கட்சி. இந்த நரம்போடு எனக்கும் பழக்கம் உண்டு. கால் மரத்தவரும் சர்க்கரைக்காரரும் சூட்டைக் கையால் பார்த்துவிட்டு வைக்கட்டும். ஆனால் முதுகில் ஏறி மிதிப்பது, இடுப்பைச் சொடுக்கி "எலும்பை உட்காரவைப்பது" இரண்டுக்கும் சம்மதிக்காதீர்கள். இன்னொன்று: புட்டத்தில் தவறான இடத்தில் போட்ட ஊசியே இந்த நரம்பைச் சேதப்படுத்திப் பாதத்தைத் தொங்கவிட்டுவிடும். அங்கே ஊசி போட்டே ஆக வேண்டுமென்றால் மேல்பக்க வெளிமூலையில்தான் போட வேண்டும். குழந்தைக்குப் போடும்போது கூட இருந்து பாருங்கள்.

ஆபரேஷன்? அதுவும் நெதர்லாந்துக் கணக்குதான், 2007-ல் வந்தது. கடும் வலியோடு இருந்த 283 பேரில் சீக்கிரம் ஆபரேஷன் செய்துகொண்ட பிரிவு ஏறக்குறைய நான்கு வாரத்தில் தேறியது, காத்திருந்த பிரிவு பன்னிரண்டு வாரத்தில். ஓராண்டு முடிவில் இரண்டு பிரிவும் சமம், 95 சதவீதம். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் வலி தாளாமல் பிறகு ஆபரேஷன் செய்துகொண்டார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வேகமாகக் குணமாவதற்கு ஆபரேஷன் ஒரு வழி, அவ்வளவுதான். தினக்கூலிக்காரருக்கு எட்டு வாரம் என்பது எட்டு வாரக் கூலி. அவர் கணக்கும் மாதச் சம்பளக்காரர் கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

இவ்வளவு நேரம் பொறுங்கள் என்று சொன்ன நான் ஒரு நிமிஷம்கூடப் பொறுக்காதீர்கள் என்று சொல்லும் இடம் ஒன்று உண்டு. பாதம் தொங்க ஆரம்பித்தால், காலின் பலம் நாளுக்கு நாள் குறைந்தால், வலியோடு காய்ச்சலோ காரணமில்லாத எடைக்குறைவோ இருந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள். அதைவிட முக்கியம்: சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போனால், சிறுநீர் முட்டிக்கொண்டு வராமல் நின்றால், தெரியாமலே சிறுநீரோ மலமோ போனால், முதுகுத்தண்டின் அடியில் உள்ள நரம்புக்கொத்து முழுவதும் நசுங்குகிறது என்று அர்த்தம். ஓரிரு நாளுக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் அந்தக் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம். இதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு விடியட்டும் என்று இருந்துவிடாதீர்கள். 108-ஐ அழைத்து, அன்று இரவே நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.