பிளாஸ்டிக் பெட்ரோல் டேங்குக்குள் ‘கோட்டிங்’ அடிக்கலாமா?

டேங்க் கசிகிறதா? “உள்ளே ஒரு கோட்டிங் அடிச்சுட்டா போதும் சார்” என்பார்கள். இரும்பு டேங்க்குக்குச் சரி. துருவை மூடி நிற்கும். ஆனால் இன்றைய கார்கள் பலவற்றில் இருப்பது ஹெச்டிபிஇ பிளாஸ்டிக். அது துருப்பிடிக்காது, எபாக்ஸியும் அதில் சரியாக ஒட்டாது. உரிந்து வரும் செதில் பம்ப் ஃபில்டரை அடைத்தால் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும்.

சுத்தம் செய்வது வேறு. எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் அதிகம் சேர்ந்தால், எத்தனாலோடு பிரிந்து அடியில் தங்கும். அதை வடித்தே ஆக வேண்டும். “காலி டேங்க்தானே” என்று அலட்சியம் வேண்டாம். உள்ளே நிற்கும் ஆவிதான் தீப்பிடிக்கும். பிளாஸ்டிக்கைக் காய்ந்த துணியால் தேய்த்தாலே பொறி வரலாம்.

கோட்டிங்குக்கு முன் பம்ப் மேலுள்ள ரப்பர் சீலைப் பாருங்க. கசிவு அங்கேன்னா, புது சீல் போதும். டேங்கிலேயே விரிசல் என்றால் மாற்றுவதுதான் வழி.