துப்பாக்கி போட்டுக்கொண்ட தொப்பி

தீபாவளி நெருங்கினால் போதும், நம் பிள்ளைகள் கையில் பொம்மைத் துப்பாக்கி வந்துவிடும். காகிதச் சுருளில் பொட்டுப் பொட்டாக மருந்து வைத்த கேப்பை அதில் மாட்டி, 'டப் டப்' என்று வீட்டை இரண்டாக்கிவிடுவார்கள். தீக்குச்சி வேண்டாம், திரி வேண்டாம். ஓர் அடி விழுந்தால் நெருப்பு!

இந்தச் சின்ன வித்தைக்கு இருநூறு ஆண்டு வரலாறு உண்டு என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த வரலாற்றில் ஒரு ஸ்காட்லாந்துப் பாதிரியார் வருகிறார். சென்னைப் பட்டாளம் வருகிறது. நாம் பிழைக்க வந்த இந்த வங்காளமும் வருகிறது. கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்ப்போமே!

கல்லை நம்பிய காலம்

அந்தக் காலத்துத் துப்பாக்கிக்குத் தோட்டாவைப் பின்பக்கம் சொருகும் வசதி கிடையாது. குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டைப் போட்டு, நீண்ட கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். நம் ஊரில் நரிக்குறவர்கள் தோளில் பார்த்திருப்பீர்களே, அந்த நாட்டுத் துப்பாக்கியின் முறைதான்.

கெட்டித்தாயிற்று, உள்ளே இருக்கும் மருந்துக்கு நெருப்பு வைப்பது எப்படி? முதலில் கையில் கனலும் திரியை வைத்தார்கள். பிறகு சிக்கிமுக்கிக் கல் வந்தது. விசையை இழுத்தால் கல் இரும்பில் உரசும், பொறி பறக்கும், வெளியே சிறு தட்டில் தூவியிருக்கும் மருந்து பற்றும், அந்த நெருப்பு ஒரு துளை வழியாக உள்ளே போய் வெடிக்கும். காற்றடித்தால் தட்டு மருந்து பறந்துவிடும். மழை பெய்தால் நனைந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தாலும், தட்டில் தீ தெரிந்து சற்றுப் பொறுத்துத்தான் குண்டு கிளம்பும்.

வாத்துச் சுடப் போன பாதிரியார்

ஸ்காட்லாந்தில் அபர்டீனுக்குப் பக்கத்தில் பெல்ஹெல்வி என்று ஓர் ஊர். அங்கே அலெக்சாண்டர் ஃபோர்சித் என்ற பாதிரியார் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம், மற்ற நாளில் வாத்து வேட்டை. தட்டில் பளிச்சென்று தீ தெரிந்ததுமே வாத்துகள் சுதாரித்துக்கொண்டு தப்பிவிடும். இதற்கு ஒரு வழி கண்டே தீருவது என்று உட்கார்ந்தார் மனிதர்.

1800-ஆம் ஆண்டில் எட்வர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேய வேதியியல் அறிஞர் பாதரச ஃபல்மினேட் என்ற பொருளைப் பற்றி எழுதியிருந்தார். இதற்கு நெருப்பே வேண்டாம். அடித்தால், உரசினால் வெடிக்கும். ஆராய்ச்சியில் ஹோவர்டே காயம்பட்டார். மொத்தமாகக் குழலுக்குள் போட்டால் துப்பாக்கியே சிதறிவிடும். ஃபோர்சித்தின் மூளை வேறு விதமாக வேலை செய்தது. குண்டைத் தள்ளக் கருமருந்தே இருக்கட்டும்; அதைப் பற்றவைக்க மட்டும் இந்தப் பொல்லாத பொருளில் ஒரு துளி போதுமே!

1806-இல் லண்டன் கோபுரக் கோட்டையில் அவருக்கு இடம் கொடுத்து ஆராய்ச்சி செய்யச் சொன்னவர் மோய்ரா பிரபு. இந்தப் பெயர் கல்கத்தாவாசிகளுக்கு அந்நியமல்ல. இவரே பின்னாளில் ஹேஸ்டிங்ஸ் பிரபுவாகி, 1813 முதல் 1823 வரை இங்கே கவர்னர் ஜெனரலாக இருந்தவர். ஆனால் மோய்ரா பதவியை விட்டுப் போனதும், அடுத்து வந்தவர் பாதிரியாரை மூட்டை கட்டச் சொல்லிவிட்டார். ஃபோர்சித் மனம் தளராமல் 1807 ஏப்ரலில் தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை வாங்கினார். அவருக்கு உதவியவர்களில் நீராவி எந்திரம் தந்த ஜேம்ஸ் வாட்டும் ஒருவர்.

பாதிரியாரின் துப்பாக்கியில் மருந்து பொடியாகவே இருந்தது. அதை ஒரு செம்புக் கிண்ணத்தில் அடக்கும் யோசனை பிறகு வந்தது. "நான்தான் முதலில் செய்தேன்" என்று சொன்னவர்கள் பலர். அவர்களில் முக்கியமானவர் ஜோஷுவா ஷா. இவர் தொழிலால் இயற்கைக் காட்சிகளைத் தீட்டும் ஓவியர்! இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா போய், 1822-இல் அங்கே காப்புரிமை பெற்றார்.

மெல்லிய செம்புத் தகட்டைப் பூ இதழ் போல வெட்டி, அச்சில் அழுத்திச் சிறு கிண்ணமாக்குவார்கள். அடியில் ஒரு துளி மருந்து. ஈரம் புகாமல் மேலே ஒரு பூச்சு. அந்தப் பூச்சுக்கு நம் நாட்டு அரக்குப் பயன்பட்டது. துப்பாக்கியின் பின்புறத்தில் துளையுள்ள ஒரு காம்பு இருக்கும். அதன் தலையில் இந்தக் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டால் தொப்பி போட்டது போல இருக்கும். பெயரும் அதுவே ஆயிற்று: 'கேப்'. சுத்தி வந்து அடித்ததும் தொப்பிக்குள் தீ. காம்பின் வழியே அது உள்ளே பாயும். வெளியே நனைவதற்கோ பறப்பதற்கோ ஒன்றுமில்லை.

1834-இல் இங்கிலாந்தில் உல்விச்சில் இரண்டையும் சோதித்துப் பார்த்தார்கள். ஆறாயிரம் முறை சுட்டதில் கல் துப்பாக்கி 922 முறை ஏமாற்றியது. தொப்பித் துப்பாக்கி ஏமாற்றியது 36 முறைதான்.

மழையில் நின்ற மதராஸ் பட்டாளம்

காகிதத்தில் இருந்த இந்தக் கணக்கு உயிர்க் கணக்காக மாறியது சீனாவில். அபினிப் போரின்போது கம்பெனிப் படையோடு 37-ஆவது மதராஸ் காலாட்படையும் போயிருந்தது. 1841 மே 30 அன்று கான்டன் நகருக்கு வெளியே இடியும் மழையும் கொட்டின. இந்தப் படையின் ஒரு கம்பெனி, சுமார் அறுபது சிப்பாய்கள், மற்றவர்களிடமிருந்து பிரிந்து வயல்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. சுற்றிலும் ஆயிரக்கணக்கான கிராமத்து மக்கள், கையில் ஈட்டியும் வாளுமாக. சிப்பாய்கள் வைத்திருந்தது கல் துப்பாக்கி. மழையில் ஒன்றும் வெடிக்கவில்லை. நான்கு பக்கமும் பார்த்தபடி சதுரமாக நின்று, துப்பாக்கி முனைக் கத்தியை மட்டும் நம்பி உயிரைக் காத்தார்கள். இருட்டிய பிறகு அவர்களைத் தேடி வந்த கடற்படைச் சிப்பாய்கள் வைத்திருந்தது தொப்பித் துப்பாக்கி. அந்த மழையிலும் அது வெடித்தது. கூட்டம் விலகியது.

அயல்நாட்டில் புகுந்து நடத்திய அந்தப் போரின் நியாய அநியாயம் வேறு விஷயம். தங்கள் ஊரைக் காக்க எழுந்த அந்தக் கிராமத்தாரைச் சீனத்தில் இன்றும் கொண்டாடுகிறார்கள். ஆனால் கடல் கடந்து கூலிக்குப் போன நம் பக்கத்து ஆட்கள் அன்று வயலில் நின்ற நிலையை நினைத்தால் நெஞ்சு பதறத்தான் செய்கிறது. அடுத்த சில ஆண்டுகளில் கம்பெனிப் படைகளுக்கும் தொப்பித் துப்பாக்கி வந்து சேர்ந்தது.

பஹரம்பூரில் "வேண்டாம்" என்றவர்கள்

1857 என்றதும் கொழுப்புத் தடவிய தோட்டா நினைவுக்கு வரும். அந்த வதந்தி ஜனவரியில் நம் டம்டமில்தான் கிளம்பியது. மகசினில் வேலை செய்த ஒரு கலாசிக்குத் தன் சொம்பில் தண்ணீர் தர ஒரு பிராமணச் சிப்பாய் மறுத்தான். "கொழுப்புத் தோட்டாவைப் பல்லால் கடிக்கும்போது உன் ஜாதி எங்கே போகும்?" என்று அந்தக் கலாசி கேட்டுவிட்டான். தீ பரவ அது போதுமானதாக இருந்தது.

ஒரு பட்டாளம் முழுவதும் திரண்டு மறுத்தது எதை என்று கேட்டால் பலரும் தோட்டாவை என்பார்கள். உண்மையில் அவர்கள் வாங்க மறுத்தது தொப்பியை! 1857 பிப்ரவரி 26 அன்று மாலை, முர்ஷிதாபாத் பக்கம் பஹரம்பூரில் இருந்த 19-ஆவது காலாட்படைக்கு, மறுநாள் பயிற்சிக்காகத் தொப்பிகள் வழங்கப்பட்டன. சிப்பாய்கள் கைநீட்டவில்லை. தோட்டாக் காகிதத்தின் மேல் அவர்களுக்குச் சந்தேகம். தொப்பியை வாங்கினால் சுட வேண்டும். சுட வேண்டுமானால் தோட்டாவைக் கடிக்க வேண்டும். ஆகவே தொப்பியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

மார்ச் 31 அன்று பாரக்பூரில் அந்தப் பட்டாளமே கலைக்கப்பட்டது. அதற்கு இரண்டு நாள் முன்பு அதே பாரக்பூர் மைதானத்தில்தான் மங்கள் பாண்டே துப்பாக்கியைத் தூக்கினார். மற்றதை நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம்.

தொப்பி செய்தவர்களின் கை

சுடுகிறவனுக்கு வசதி வந்தது. செய்கிறவர்களுக்கு? கல் துப்பாக்கிக்குக் கல்லைத் தரையில் பொறுக்கலாம். கருமருந்தைக் கிராமத்திலேயே அரைத்தார்கள். தொப்பி அப்படியல்ல. அதற்குச் செம்பு வேண்டும், அச்சு வேண்டும், தொட்டால் சிணுங்கும் மருந்து வேண்டும். ஆகையால் அது தொழிற்சாலைச் சரக்காயிற்று. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது தென்பகுதிப் படைக்குச் செம்பு கிடைக்காமல் போனது. வெண்கலப் பீரங்கி வார்ப்பதை நிறுத்தினார்கள். வட கரோலினாவில் சாராயம் காய்ச்சும் செம்புக் கொப்பரைகளைக்கூடப் பிடுங்கித் தொப்பி அடித்தார்கள். பீரங்கியைவிடத் தொப்பி அவசியம்!

அடி பட்டால் வெடிக்கும் பண்டத்தை நிரப்பும் வேலை யாருக்கு வந்தது? ஏழைப் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும். விரல் சின்னது, கூலி குறைவு. 1863 மார்ச் 13 அன்று ரிச்மண்ட் நகரின் பிரவுன் தீவுத் தொழிற்சாலையில், பீரங்கியைப் பற்றவைக்கும் சிறு குழல்களை மேரி ரயன் என்ற பெண் பலகையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்று சிக்கிக்கொண்டது. அதை எடுக்கப் பலகையைத் தட்டினாள். அவ்வளவுதான். நாற்பது பேருக்கு மேல் மாண்டார்கள். அவளும் பிழைக்கவில்லை.

இது எங்கோ நடந்த கதை என்று நம்மால் ஒதுக்க முடியுமா? 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடித்து முப்பத்தைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்களே! உரசலுக்கும் அடிக்கும் பயந்து பயந்து செய்யும் தொழில் நம் ஊரில் இன்னும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது.

வீட்டில் செய்யலாமா?

பழைய துப்பாக்கிகளில் பிரியமுள்ளவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் சிலர், கடையில் தொப்பி கிடைக்காதபோது, குளிர்பான டப்பாத் தகட்டைக் கை அச்சில் அடித்துத் தாங்களே கிண்ணம் செய்துகொள்வதுண்டு. கிண்ணம் செய்வது சுலபம். அதற்குள் வைக்கும் மருந்துதான் எமன். கருமருந்துக்காவது ஒரு பொறி வேண்டும். இதற்கு ஒரு தட்டல், ஓர் உரசல் போதும். கண்டுபிடித்த ஹோவர்டே காயம்பட்டார் என்றால், அடுப்பங்கரையில் முயற்சி செய்பவரின் கதி என்ன?

நம் நாட்டில் சட்டமும் இடம் தராது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், பயிரைக் காக்க வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி கேட்கும் விவசாயிக்கு உரிமம் தரத் தனியாகவே வழி செய்திருக்கிறது. ஆனால் உரிமம் இல்லாமல் வெடிபொருளையோ அதன் உறுப்புகளையோ தயாரிப்பது குற்றம். 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அதற்குத் தண்டனை ஏழாண்டிலிருந்து ஆயுள் வரை போகலாம். உரிமம் உள்ளவர் உரிமம் பெற்ற கடையில் வாங்குவதே முறை.

தொப்பி, சுடுகிறவனின் ஆபத்தைக் குறைத்தது. ஆனால் ஆபத்து மறைந்துவிடவில்லை. அது செய்கிறவரின் விரல் நுனிக்கு இடம் மாறியது, அவ்வளவே. இந்தத் தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குக் கேப் சுருள் வாங்கித் தரும்போது, அதில் ஒவ்வொரு பொட்டையும் வைத்தது ஒரு கை என்பதையும் சொல்லிக் கொடுப்போம். கல்லால் தட்டாதே என்று கண்டிப்பதோடு, ஏன் தட்டக்கூடாது என்ற இந்தக் கதையையும் சேர்த்துச் சொல்லுங்களேன்!