மறைந்து கிடக்கும் ஓர் இசைத்தட்டு

தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் கித்தார் பயிலும் மாணவர்கள் சிலர் என்னைக் கேட்பதுண்டு: மேல்நாட்டார் 'சாஃப்ட் ராக்' என்று வழங்கும் இனிய மெல்லோசை நம் தமிழில் உண்டா? உண்டு என்பேன். 1979-ஆம் ஆண்டில் ஸ்ரீதர் இயக்கிய 'அழகே உன்னை ஆராதிக்கிறேன்' படத்தின் பாடல்களைக் கேளுங்கள். இசை இளையராஜா, பாடல்கள் வாலி.

மேல்நாட்டு முறையில் கித்தார் கற்றவர் இளையராஜா. ஆதலின் பேஸ் கித்தாரை அவர் வெறும் தாளத்துணையாக வைத்துக்கொள்வதில்லை. குரல் ஒரு வழியே செல்ல, அது தனக்கென ஓர் இசைவழியை வகுத்துக்கொண்டு கீழே நடக்கின்றது. இரண்டும் இணையும் இடத்திலேதான் இன்பம் பிறக்கின்றது. 'நானே நானா' என்னும் பாடலில் இதனை நன்கு உணரலாம். பாடியவர் வாணி ஜெயராம். கருநாடக இசையிலும் இந்துஸ்தானி இசையிலும் பயிற்சி பெற்ற குரல் அது; மயக்கத்தைப் பாடும்போதும் அதன் சுருதி தள்ளாடுவதில்லை!

அவ்வாண்டிலேயே 'உதிரிப்பூக்கள்', 'புதிய வார்ப்புகள்', 'நிறம் மாறாத பூக்கள்' ஆகியவற்றுக்கும் இளையராஜாவே இசையமைத்தார். அப்பெருக்கில் இவ்விசைத்தட்டு பின்தங்கிவிட்டது. வாணி ஜெயராம் 2023-இல் மறைந்தார். அவர் மும்முறை தேசிய விருது பெற்றதை அறிந்த இளைஞருள்ளும் இதனைக் கேட்டோர் சிலரே என்பது என் குறை. கித்தார் பயில்வோர் முதலில் பேஸ் பகுதிக்கு மட்டும் செவிகொடுத்து, பிறகு அதனைத் தாமே வாசித்துப் பார்க்கலாம்.