ஏறுன கியர்லயே இறங்கணும்! திம்பம் மலைப்பாதையில் 'நியூட்ரல்' போட்டால் என்ன ஆகும்?

ஈரோடு:

திம்பம் மலைப்பாதை என்றாலே புது டிரைவர்களுக்கு அடிவயிறு கலங்கும். பண்ணாரி அம்மனை கும்பிட்டுவிட்டு ஏற ஆரம்பித்தால் மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவு. லாரி கவிழ்ந்தது, வளைவில் சிக்கியது, தமிழகம்-கர்நாடகா போக்குவரத்து பாதித்தது என்று செய்தி அடிக்கடி வந்துகொண்டே இருக்கிறது. இறக்கத்தில் நடந்த விபத்தாக இருந்தால் கடைசி வரி பெரும்பாலும் ஒன்றுதான். 'பிரேக் பிடிக்கவில்லை.'

நல்லா இருந்த பிரேக் திடீரென்று ஏன் பிடிக்கவில்லை? பல சமயம் கோளாறு பிரேக்கில் இல்லைங்க. டிரைவர் போட்ட கியரில் இருக்கிறது. இன்னும் சொல்லப்போனால், போடாத கியரில்.

தறிக்காரருக்கு தெரிந்த கணக்கு

நம்ம ஊர் விசைத்தறி ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தறி மோட்டார் நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு பக்கமாக ஓடும். தறியோ நிமிஷத்துக்கு நூற்று சொச்சம் சுற்றுதான். நடுவில் என்ன நடக்கிறது? மோட்டாரில் சின்ன சக்கரம், தறியில் பெரிய சக்கரம். வேகம் குறைகிறது, அதே அளவுக்கு இழுவை கூடுகிறது. மோட்டார் பக்கம் சக்கரத்தை பெரிதாக மாற்றினால் தறி வேகமாக ஓடும்தான். ஆனால் மோட்டார் சூடாகி காயில் கருகும்.

இப்போது பசங்க ரிமோட்டில் ஓட்டுகிற, பாறை மேல் ஏறும் பொம்மை ஜீப் இருக்கிறதே, அதிலும் இதே கணக்குதான். மோட்டாரில் பல் குறைந்த சின்ன சக்கரம் மாட்டினால் ஆமை மாதிரி நகர்ந்து பாறை ஏறிவிடும். வேகத்துக்கு ஆசைப்பட்டு பல் அதிகமுள்ளதை மாட்டினால் பாறையில் முக்கும், மோட்டார் தொட முடியாத அளவு சுடும்.

வண்டிக்கு வருவோம். சாதாரண கார் ஒன்றில் முதல் கியருக்கு சுமார் மூன்றரைக்கு ஒன்று, பின்னால் டிஃபரன்ஷியலில் சுமார் நாலுக்கு ஒன்று. இரண்டையும் பெருக்கினால் 14. அதாவது எஞ்சின் 14 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று. டாப் கியரில் மூன்றரை, நாலு சுற்று போதும். கடம்பூர், பர்கூர் மலையில் ஓடுகிற 4 வீல் ஜீப்பில் இன்னொரு குட்டி கம்பி இருக்கும். அதை 'லோ'வுக்கு தள்ளினால் மேற்கொண்டு சுமார் இரண்டரை மடங்கு. 14 என்பது 35 ஆகிவிடும். மாக்கம்பாளையம் வழியில் குரும்பூர் பள்ளம், சர்க்கரைப்பள்ளம் மாதிரி காட்டாற்று கல்லில் ஏறி இறங்க அந்த கம்பிதான் உதவி. ஆள் நடக்கிற வேகம்தான் வரும். ஆனால் கல்லை தாண்டிவிடும்.

இறங்கும்போதுதான் விஷயமே

ஏற்றத்துக்கு சின்ன கியர் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். போடாவிட்டால் வண்டியே நின்று காட்டிக் கொடுத்துவிடும். இறக்கம் அப்படி இல்லை. தப்பான கியரில் இருந்தாலும் வண்டி சந்தோஷமாக ஓடும். அதுதான் ஆபத்து.

16 டன் லாரி ஒன்று 700 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வையுங்கள். காற்றும் ரோடும் வாங்குவது போக மீதி வேகத்தை எல்லாம் யாராவது பிடித்து நிறுத்த வேண்டும். கணக்கு போட்டால் கிட்டத்தட்ட மூன்று லிட்டர் டீசலை எரித்தால் வருகிற சூடு. நியூட்ரலில் விட்டால் இத்தனை சூடும் பிரேக் டிரம்மில்தான் இறங்கும். வேற வழியே கிடையாது.

முதலில் கருகல் வாடை வரும். அடுத்து டிரம் சூட்டில் விரியும், லைனர் வழுக்கும். பெடலை மிதிக்க மிதிக்க பிடிப்பு குறையும். பயத்தில் திரும்பத் திரும்ப மிதிப்பார்கள். ஏர் பிரேக் வண்டியில் ஒவ்வொரு மிதிக்கும் காற்று செலவாகிறது. நியூட்ரலில் எஞ்சின் மெதுவாக ஓடுவதால் கம்ப்ரசரும் மெதுவாகத்தான் காற்று ஏற்றும். அந்த நேரத்தில் கியர் போடலாம் என்று பார்த்தால் விழாது. வண்டி வேகம் எங்கோ போயிருக்கும், கம்பி கறகறவென்று கத்தும்.

சின்ன கியரில் இருந்தால் கதையே வேறு. சக்கரம் எஞ்சினை சுற்ற வைக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு பல சுற்று சுற்ற வைக்க வேண்டும் என்பதால் எஞ்சின் முட்டுக்கட்டை மாதிரி இழுத்துப் பிடிக்கும். எக்ஸாஸ்ட் பிரேக் உள்ள லாரிக்கும் இதேதான். எஞ்சின் நன்றாக சுற்றினால்தான் அது பிடிக்கும். டாப் கியரிலோ நியூட்ரலிலோ அந்த சுவிட்சை போட்டு புண்ணியமில்லை.

'நியூட்ரல்ல விட்டா டீசல் மிச்சம்' என்று ஒரு பேச்சு டீக்கடைதோறும் உண்டு. இப்போது வருகிற வண்டிகளில் அது சுத்த பொய். கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் டீசல் போவதையே கம்ப்யூட்டர் நிறுத்திவிடும். சக்கரம்தான் எஞ்சினை சுற்றுகிறது. நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் குடித்துக்கொண்டே இருக்கும். பழைய வண்டியில் சொட்டு மிச்சமாகலாம். அந்த காசு ஒரு செட் லைனருக்கு காணாது, உயிருக்கு எங்கே காணும்?

எந்த கியர்?

பழைய டிரைவர்கள் கணக்கு சுலபம். எந்த கியரில் ஏறுவீர்களோ அதிலேயே இறங்க வேண்டும். லோடு லாரிக்கு அதற்கும் ஒரு கியர் குறைவாக இருந்தாலும் தப்பில்லை. கார்களுக்கு வளைவுகளில் முதல் அல்லது இரண்டாவது கியர். ஊட்டி பக்கம் மலைப்பாதையில் இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லி போர்டே வைத்திருக்கிறார்கள். சமவெளியில் இருந்து வருகிறவர்கள் அதை படிக்காமலே தாண்டிப் போகிறார்கள்.

கியரை வளைவுக்கு முன்னாடியே மாற்றிவிட வேண்டும். வளைவுக்குள் கிளட்சை மிதித்தால் அந்த இரண்டு வினாடி வண்டி நியூட்ரலில் இருக்கிற மாதிரிதான். ஏற்றத்திலும் அப்படியே. செகண்டில் எஞ்சின் முக்க ஆரம்பித்ததும் ஃபர்ஸ்டுக்கு வந்துவிடுங்கள். பாதி கிளட்சில் தூக்கி ஓட்டினால் பிளேட் கருகி நடு வளைவில் நிற்கும். கிளீனர் கையில் கட்டை ரெடியாக இருக்கட்டும்.

பிரேக்கை லேசாக தேய்த்துக்கொண்டே வரக்கூடாது. வேகம் ஏறினால் ஒரே அழுத்தாக அழுத்தி குறைத்துவிட்டு விட வேண்டும். நடுவில் டிரம் ஆற நேரம் கிடைக்கும்.

ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் 'டி'யிலேயே இறங்க வேண்டாம். 'எல்' அல்லது '2' இருந்தால் அதில் போடுங்கள். கியர் இல்லாத ஸ்கூட்டருக்கும் மொபட்டுக்கும் எஞ்சின் பிடிப்பு ரொம்ப கம்மி. மொத்த பாரமும் பிரேக்கில்தான். ஆளை ஏற்றிக்கொண்டு இறங்கினால், இடம் பார்த்து ஓரமாக நின்று ஆறவிட்டு வருவது நல்லது. பெட்ரோல் மிச்சம் என்று சாவியை அணைத்துவிட்டு இறங்குகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. சொன்னால் கோபம் வரும், ஆனாலும் சொல்லித்தான் ஆகணும். வேண்டாங்க.

நம்ம மேட்டுப்பாளையம் மலை ரயிலையே பாருங்கள். 1899-ல் குன்னூர் வரை பாதை திறந்தபோதே தண்டவாளத்து நடுவில் பல் வைத்த பட்டை போட்டார்கள். ஏறுவதற்கு மட்டும் இல்லை, இறங்கும்போது வழுக்காமல் பிடிப்பதற்கும் அந்த பல்தான்.

அவசரம் எங்கிருந்து வருகிறது?

புலிகள் காப்பகம் என்பதால் ஐகோர்ட் உத்தரவுப்படி 2022 பிப்ரவரியில் இருந்து இந்த பாதையில் இரவு போக்குவரத்துக்கு கட்டுப்பாடு வந்தது. காட்டு விலங்குகளுக்கு நல்லதுதான். ஆனால் செக்போஸ்ட் மூடுவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்ற அவசரம் டிரைவர் காலில் தெரிகிறது. தாளவாடி முட்டைக்கோஸ் மார்க்கெட்டுக்கு போக வேண்டும், கரும்பு லோடு ஆலைக்கு போக வேண்டும், முதலாளி போனில் கத்துவார். இத்தனை நெருக்கடியையும் டிரைவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. லோடு ஏற்றுகிறவர்களும் மலை இறங்குகிற நேரத்தை கணக்கில் வைத்து வண்டியை அனுப்ப வேண்டும். நேரமும் எடை வரம்பும் வண்டிக்கு தகுந்த மாதிரி மாறும் என்பதால் பண்ணாரி அல்லது காரப்பள்ளம் செக்போஸ்டில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டம். ஏறுகிற லோடு லாரி நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது லேசான காரியம் இல்லை.

கருகல் வாடை வந்துவிட்டால் அகலமான இடத்தில் ஓரம் கட்டி, சக்கரத்துக்கு கட்டை போட்டு அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். சூடான டிரம்மில் பச்சை தண்ணியை ஊற்றாதீர்கள், வெடிப்பு விடும்.